மழைக்கால மலையில் பழைய கடிதங்கள்

கோத்தகிரியில் ஆடி மாதம் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். சர்ச்சில் உபதேசியாராக இருந்த தாத்தாவின் கடிதக்கட்டு எனக்குப் பூசணத்தோடுதான் கிடைத்தது.

உங்களிடமும் இப்படிப் பழைய கட்டு இருந்தால், ஈரமில்லாத நாளாகப் பார்த்துப் பிரியுங்கள். நேர் வெயில் கூடாது, மை வெளுத்துவிடும். நிழலில் காற்றாட விடுங்கள். நன்றாக உலர்ந்ததும் முகத்தில் மாஸ்க் கட்டி, வாசலில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுங்கள். செலோடேப், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். உறையை மட்டும் எறிந்துவிடாதீர்கள். தேதி பல நேரம் தபால் முத்திரையில்தான் இருக்கும்.

அமெரிக்காவின் இண்டியானா ஆஸ்பரி பல்கலைக்கழகத்தை 1839 முதல் 1848 வரை நடத்தி, 1852இல் மெதடிஸ்ட் திருச்சபையின் பிஷப்பான மாத்யூ சிம்ப்சனின் கடிதங்கள் இன்றும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. நம் உபதேசியார்களின் கடிதங்களுக்கு நாம்தான் நூலகம்.

அப்புறம், தேதிவாரியாக அடுக்கி, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு சுவரை ஒட்டாமல் வையுங்கள்.