திரையில் தெரியும் முக்காடு: ஆசிய சினிமாவுக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடல்களையும் அவற்றைத் தொடரும் கலந்துரையாடல்களையும் நெடுங்காலமாக ஒருங்கிணைத்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை எங்கெல்லாம் இடறியதோ அங்கேயே இடறுவதைப் பார்க்கும்போது, இதை எழுதித்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. சப்டைட்டில் படிக்கச் சலித்துக்கொள்வது, படம் ஓடும்போது கைப்பேசியைத் திறப்பது போன்றவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு நல்ல படங்களைப் பார்த்தால் அவை தாமாகவே சரியாகிவிடும். ஆர்வத்தோடும் அக்கறையோடும் பார்க்கிறவர்களே செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

விருதுப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு போவது

கொரியாவின் 'பாரசைட்' 2019-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதையும், 2020-இல் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர்களையும் வென்ற பிறகு, விருது பெற்ற ஆசியப் படங்களின் பட்டியலைக் கையில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பட்டியலில் தவறில்லை. ஆனால் அயல்நாட்டு நடுவர்கள் எதைக் கண்டு வியந்தார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த மண்ணின் மக்கள் எதற்கு வரிசையில் நின்றார்கள் என்பதைச் சொல்லாது. பான்சோரி என்னும் மரபிசைப் பாடகர்களின் அலைந்து திரியும் வாழ்க்கையைக் காட்டிய 'சோப்யோன்ஜே', 1993-இல் சோல் நகரில் மட்டும் பத்து லட்சம் பார்வையாளர்களைக் கடந்தது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் கொரியப் படம் அதுதான். ஆறே ஆண்டுகளில், வடகொரிய உளவாளிகளைப் பற்றிய 'ஷிரி', 'டைட்டானிக்' அங்கே நிகழ்த்தியிருந்த வசூல் சாதனையை முறியடித்தது. கரைந்துகொண்டிருந்த ஓர் இசை மரபும் பிரிந்து கிடக்கும் நாட்டின் காயமும் அந்த மக்களுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதை இந்த இரண்டு படங்களும் காட்டிவிடுகின்றன. ஆகவே விருதுப் படம் ஒன்றைப் பார்த்தால், அந்த நாட்டில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப்பட்ட படம் ஒன்றையும் சேர்த்தே பாருங்கள்.

தணிக்கை விதியைப் பண்பாடு என்று எண்ணிக்கொள்வது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைப் பொறுமையிழக்க வைக்கும் தவறு இது.

தமிழ்நாட்டில் உலக சினிமாவுக்குள் வருகிறவர்களில் மிகப் பலர் ஈரானின் வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' இங்கே எவ்வளவு நேசிக்கப்பட்டது என்றால், அதைத் தழுவி 'அக்கா குருவி' என்று தமிழிலேயே ஒரு படம் வந்தது. தொலைந்துபோன காலணிக்காக அண்ணனும் தங்கையும் படும் பாட்டைக் கண்டு நெகிழ்ந்தவர்கள், அடுத்து ஃபர்ஹாதி, பனாஹி, கியரோஸ்தமி என்று மற்ற ஈரானிய இயக்குநர்களைத் தேடிப் போவார்கள். பத்துப் படங்கள் முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: ஈரானியப் பெண்கள் சமையலறையிலும் படுக்கையறையிலும்கூட முக்காட்டை எடுப்பதில்லை, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தொடுவதேயில்லை, அது மிகவும் அடங்கிய, உணர்ச்சிகளை வெளிக்காட்டாத சமூகம்.

ஒரு கலந்துரையாடலில் இதை ஒருவர் மிகுந்த மரியாதையோடும் பாராட்டாகவும் சொன்னார். அன்று அரங்கில், இந்தியாவில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவி ஒருவரும் இருந்தார். அவர் எழுந்து, "எங்கள் வீட்டில் என் அம்மா எப்படி இருப்பாரோ அப்படியே படமெடுத்தால், அந்தப் படத்துக்கு அனுமதி கிடைக்காது," என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். பேசியவரும் நல்ல மனிதர். திருத்தியவரும் கடுமையாகப் பேசவில்லை. ஆனாலும் ஒரு சமூகத்தின் பெண்களைப் பற்றி அத்தனை பேர் சுமந்துகொண்டிருந்த எண்ணம் அடியோடு பிழையானது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் வெளிப்பட்டது. அதன் பிறகும் இதே கருத்தை ஒரு கட்டுரையில் படித்தேன், மேடையிலும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

நடப்பது இதுதான். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானிய சினிமா, பண்பாடு மற்றும் இஸ்லாமிய வழிகாட்டுதல் அமைச்சகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. படமெடுக்க ஓர் அனுமதியும், எடுத்ததைத் திரையிட இன்னோர் அனுமதியும் பெற வேண்டும். இஸ்லாமிய நெறியின்படி, கணவன், தந்தை, உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய உறவினர் முன்னிலையில் ஒரு பெண் தலையை மூட வேண்டியதில்லை. ஆனால் திரையில் கணவனாக வருபவர் அந்த நடிகையின் கணவர் அல்லர்; அரங்கில் அமர்ந்து பார்க்கிற ஆண்களும் அந்நியர்களே. எனவே கதைப்படி அவள் தன் வீட்டுக்குள் தனியாக உறங்கினாலும் முக்காடு தேவை என்றும், ஆணும் பெண்ணுமாக நடிப்பவர்கள் தொட்டுக்கொள்ளக் கூடாது என்றும் ஆகிவிட்டது. நாம் பார்ப்பது ஒரு வீட்டின் பழக்கம் அன்று. ஒரு படத்துக்கு அனுமதி கிடைப்பதற்கான நிபந்தனை.

இது தெரியாமல் பார்ப்பதால் ஏற்படும் இழப்பு இரு மடங்கு. மக்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பது ஒன்று. அந்த நிபந்தனைக்குள் இயக்குநர்கள் செய்து காட்டும் கலையைக் காணத் தவறுகிறோம் என்பது மற்றொன்று. வீட்டுக்குள் முக்காடு அணிந்த பெண்ணைக் காட்டுவது பொய்யாகிவிடும் என்பதாலேயே, வீட்டுக்குள் நிகழும் தம்பதியர் காட்சிகளைக் கியரோஸ்தமி தவிர்த்துவந்தார். 2002-இல் வந்த அவருடைய 'டென்' முழுவதும் ஒரு காருக்குள் நடக்கிறது. கார் தெருவில் இருப்பதால் முக்காட்டுக்குக் காரணம் இருக்கிறது. கதவு மூடியிருப்பதால் மனம்விட்டுப் பேசவும் முடிகிறது. அந்தக் காருக்குள் ஒரு பெண் முக்காட்டை மெல்ல விலக்கும்போது, மழித்த தலை தெரிகிறது. பின்னணி அறியாதவருக்கு அது ஒரு சோகக் காட்சி மட்டுமே. அறிந்தவருக்கோ மூச்சு ஒரு கணம் நின்றுவிடும்.

2011-இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கரும் பெற்ற ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' படத்தைப் பாருங்கள். நடுத்தர வர்க்கத்துச் சிமின் வீட்டிலும் வெளியிலும் முக்காடு அணிந்துதான் வருகிறார், ஆனால் அது தளர்ந்து, முன்முடி தெரியும்படி கிடக்கும். அந்த வீட்டில் வேலைக்கு வரும் ஏழைப் பெண் ராசியே, உடலை முழுவதும் மூடும் கறுப்புச் சாதரை இழுத்துப் பிடித்தபடியே எல்லா வேலைகளையும் செய்வார். முக்காடு கட்டாயம் என்னும்போது, அதை அணியும் விதத்திலேயே வர்க்கத்தையும் நம்பிக்கையையும் ஃபர்ஹாதி எழுதிக் காட்டிவிடுகிறார். மறதிநோய் கொண்ட முதியவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிட, அவருக்கு உடை மாற்றிவிடுவது பாவமாகுமா என்று ராசியே மத ஆலோசனை தரும் எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்கிறார். இதை எந்தத் தணிக்கை விதியும் கேட்கவில்லை. இது அந்தப் பாத்திரத்தின் உள்ளத்திலிருந்து வருவது.

'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்திலும் இவை இரண்டும் அருகருகே இருக்கின்றன. முதுகு வலியோடு வீட்டில் கிடக்கும் தாயின் தலையில் முக்காடு இருக்கிறதே, அது விதி. பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கும் தந்தை, தம் தேநீருக்குச் சர்க்கரை கேட்கிறார். எதிரே அவ்வளவு சர்க்கரை இருக்கிறதே என்று மகள் சொல்ல, அது பள்ளிவாசலுக்கு உரியது, நம்மை நம்பித் தந்தது என்று மறுத்துவிடுகிறார். பண்பாட்டைத் தேடுகிறவர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. நம்மவர்களோ பெரும்பாலும் சர்க்கரையை விட்டுவிட்டு முக்காட்டைக் குறித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எதை எதிலிருந்து பிரித்துக்கொள்வது? ஒரே நாட்டிலிருந்து அனுமதி பெற்று எடுத்த படம் ஒன்றையும், அனுமதியை மீறி எடுத்த படம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். 2024-இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட 'மை ஃபேவரிட் கேக்' படத்தில், தெஹ்ரானில் தனியாக வாழும் எழுபது வயதுப் பெண் தன் வீட்டுக்குள் முக்காடின்றி நடமாடுகிறார். ஒரு டாக்ஸி ஓட்டுநரை அழைத்துவந்து உணவு பரிமாறி, மது அருந்தி, நடனமும் ஆடுகிறார். அதை இயக்கிய மரியம் மொகத்தம், பெஹ்தாஷ் சனயீஹா இருவருடைய கடவுச்சீட்டுகளும் பறிக்கப்பட்டதால் அவர்கள் பெர்லினுக்குச் செல்ல முடியவில்லை. முக்காட்டை முறையாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மாசா அமினி என்ற இளம்பெண் 2022 செப்டம்பரில் காவலில் இறந்ததைத் தொடர்ந்து வெடித்த போராட்டங்களுக்குப் பிறகு, திரையில் முக்காடின்றித் தோன்றுவது ஒரு நடிகை தன் தொழிலையும் விடுதலையையும் பணயம் வைக்கும் செயலாகியிருக்கிறது. அதே சமயம், இந்தப் படம்தான் உண்மையான ஈரான், மற்றவை பொய் என்று மறுபக்கம் சாயவும் வேண்டாம். தெருவிலும் வீட்டிலும் மனமுவந்து சாதர் அணியும் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். ராசியே அவர்களில் ஒருத்திதான்.

இது ஈரானோடு முடிவதும் இல்லை. சீனக் குற்றப் படங்களின் இறுதியில், குற்றவாளி பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டதாகச் சில வரிகள் வந்து நிற்கும். அதைச் சீனர்களின் நீதியுணர்வு என்று ஒருவர் எழுதியிருந்தார். தணிக்கையாளர்களுக்காகச் சேர்க்கப்படும் வரிகள் அவை. சீன இயக்குநர் ஜியா ஜாங்கே தம் முதல் மூன்று கதைப்படங்களையும் அரசு அனுமதி இல்லாமலேயே எடுத்தார். 2004-இல் வந்த 'தி வேர்ல்ட்' தான் அனுமதியோடு வந்த முதல் படம். இந்தக் கோட்டின் இரு பக்கங்களையும் பார்த்த பிறகு அவரைப் பற்றிப் பேசுவது நல்லது.

விதிவிலக்கை வழக்கமாக்கிவிடுவது

ஜப்பானிய இயக்குநர் கோரே-எடாவின் 'நோபடி நோஸ்' படத்தில் தாய் ஒருத்தி நான்கு குழந்தைகளை ஒரு குடியிருப்பில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மூத்த பையனாக நடித்த யூயா யாகிரா, 14 வயதில், கான் விழாவின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். இதைப் பார்த்துவிட்டு, ஜப்பானில் குடும்பப் பாசமே அற்றுப்போய்விட்டது என்று சொல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். 1988-இல் டோக்கியோவில் வெளிச்சத்துக்கு வந்து, ஜப்பானையே உலுக்கிய ஒரு நிகழ்விலிருந்து உருவான கதை இது. அந்த நாட்டவரும் நம்மைப் போலவே அதைக் கண்டு திகைத்தார்கள். திகைத்ததால்தான் அது படமானது.

ஆண்டைத் தெரிந்துகொள்ளாமல் உட்காருவது

தைவான் இயக்குநர் ஹோ சியாவ்-சியனின் 'எ சிட்டி ஆஃப் சாட்னெஸ்' திரையிடும்போதெல்லாம், பாதி அரங்கு குழப்பத்தோடு வெளியே வரும். 1945 ஆகஸ்டில் ஜப்பானியப் பேரரசர் சரணடைவதை அறிவிக்கும் வானொலிக் குரலோடு படம் தொடங்குகிறது. 1947 பிப்ரவரி 28-இல் தைவானில் வெடித்த எழுச்சியும் அதைத் தொடர்ந்த படுகொலைகளும் கதையின் நடுவே நிற்கின்றன. 1949 முதல் 1987 வரை நீடித்த இராணுவச் சட்டத்தின்கீழ் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே முடியாது. அந்தச் சட்டம் நீங்கி இரண்டே ஆண்டுகளில் வந்த படம், வெனிஸில் தங்கச் சிங்கமும் வென்றது. கதையின் மையத்தில் காது கேளாத, வாய் பேசாத ஒரு புகைப்படக்காரர் ஏன் இருக்கிறார் என்ற கேள்வி, பேசத் தடைவிதிக்கப்பட்ட அந்த ஆண்டுகளை அறிந்த பிறகு வேறு கனம் பெறும்.

கொரியாவுக்கு அறிய வேண்டிய ஆண்டு 1980, மே மாதம், குவாங்ஜு நகரம்: ஜனநாயகம் கேட்டுத் திரண்ட மக்களை இராணுவம் சுட்டுக் கொன்ற இடம். 1999-இல் தொடங்கிப் பின்னோக்கி நகரும் 'பெப்பர்மிண்ட் கேண்டி' அந்த நகரத்துக்கு வந்து சேரும்போதுதான் நாயகனின் சிதைவுக்குக் காரணம் தெரிகிறது. 2017-இல் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் பார்த்த 'எ டாக்ஸி டிரைவர்' அதே நகரத்தின் கதைதான். படத்துக்கு முன் பத்து நிமிட வாசிப்பு போதும். முழுக் கதையையும் படித்துவிட வேண்டாம்.

வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது

வேண்டாம். நேரமில்லை என்றால் இன்னொரு நாள் பாருங்கள்.

விழாவில் ஒரே நாளில் ஐந்து படம்

மூன்று போதும், மூன்றாவதைப் பற்றி யாரிடமாவது பேசிவிட்டுத் தூங்கப் போங்கள்.

பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுவது

தெஹ்ரானையும் சோலையும் தெருப்பெயர் சொல்லிப் பேசும் தமிழ் ரசிகர்கள் பலர், ஒரு சிங்களப் படத்தைக்கூடப் பார்த்ததில்லை. போரின் நினைவு இதற்குக் காரணம் என்றால் அதை நான் மதிக்கிறேன். அந்த வலியைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆயினும் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தையாவது பாருங்கள். இராணுவத்தில் இருந்த மகன் இறந்துவிட்டான் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது. பார்வையற்ற முதிய தந்தை வன்னிஹாமி, ஜோ அபேவிக்ரமவின் மறக்க முடியாத நடிப்பில், அதை நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டால் குடும்பத்தின் கடன் தீரும் என்ற நிலையிலும் மறுக்கிறார். கடைசியில் மண்ணைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கும்போது, உள்ளே வாழைத்தண்டும் கற்களும் கிடக்கின்றன. போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுக்கப்பட்ட இந்தப் படத்தைத் திரையிட இலங்கை அரசு 2000-இல் தடை விதித்தது. இயக்குநர் உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடி, மறு ஆண்டு அதைத் தம் மக்களுக்குக் காட்டினார்.