பேமெண்ட் கணக்கைச் சேமிக்கும்போது செய்யக் கூடாதவை

யூசர் டேபிளிலேயே ‘பேபால் மெயில்’ என்று ஒரு ஃபீல்டைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர்கள் நிறைய. சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடும். மெயில் முகவரியை ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், அப்புறம் பணம் வந்ததாக வரும் வெப்ஹுக் (பேமெண்ட் நிறுவனம் உங்கள் ஆப்புக்குத் தானாக அனுப்பும் தகவல்) யாருடைய கணக்குக்கு என்று உங்கள் ஆப் முழிக்கும். பேமெண்ட் நிறுவனம் ஒவ்வொரு கணக்குக்கும் தருகிற மாறாத ஐடி இருக்கிறதே, அதைச் சேமியுங்கள், அதுவும் தனி டேபிளில். ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்திருந்தால் அப்போது ‘பேபால் மெயில் 2’ என்று ஒட்டுப்போட வேண்டி வராது. நிறுவனத்தின் பெயர், ஐடி இரண்டையும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ் (ஒரே ஜோடி இரண்டாம் முறை பதிவாகாமல் தடுப்பது) போட்டுவிடுங்கள். இணைப்பு பட்டனை ஒருவர் பொறுமையில்லாமல் இரண்டு முறை தட்டினாலும் டேபிளில் வரிசை ஒன்றுதான் இருக்கும்.

சரி, கார்டு எண்? வேண்டவே வேண்டாம். டோக்கன் (கார்டு எண்ணுக்குப் பதிலாகப் பேமெண்ட் நிறுவனம் தரும் குறியீடு), கடைசி 4 இலக்கம், காலாவதி தேதி போதும். சிவிவியைப் பொறுத்தவரை, பணம் எடுக்க அனுமதி கிடைத்த பிறகு அதை என்கிரிப்ட் செய்துகூட வணிகர் வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் விதி.

‘கார்டு எண்ணை ஹாஷ் செய்துதானே (திரும்ப எண்ணாக மாற்ற முடியாத குறியீடாக்கித்தானே) வைக்கிறோம்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 இலக்க எண்ணில் முதல் 6 எந்த வங்கி என்பதைக் காட்டும், கடைசி 4ஐ நீங்களே பக்கத்தில் சேமித்திருக்கிறீர்கள். மிச்சம் 6 இலக்கம், அதாவது 10 லட்சம் வாய்ப்புகள். கார்டு எண் சரியான அமைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் லூன் சரிபார்ப்பில் தேறாதவற்றைக் கழித்தால் 1 லட்சம்தான். சாதாரண எஸ்எச்ஏ-256 ஹாஷ் என்றால் ஒரு லேப்டாப்புக்கு இது நொடி நேர வேலைகூட இல்லை.

டேட்டாபேஸை இவ்வளவு பத்திரமாகப் பூட்டிவிட்டு, பிழை வந்தால் பார்க்கலாம் என்று கார்டு விவரம் உட்பட ரிக்வெஸ்ட் முழுவதையும் லாக் ஃபைலில் கொட்டுவது இன்னொரு பழக்கம் (பேக்கப்பிலும் அது போய் உட்காரும்).

பயனர் கணக்கை நீக்கினால் வரிசையை அப்படியே அழித்துவிடாதீர்கள். கேஸ்கேட் டெலீட் (ஒரு வரிசையை அழித்தால் அதோடு இணைந்தவையும் தானாக அழிவது) போட்டிருந்தால் பழைய பரிவர்த்தனைகளும் கூடவே போய்விடும், அடுத்த மாதம் ஒருவர் ரீஃபண்ட் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ‘நீக்கப்பட்டது’ என்று நிலையை மட்டும் மாற்றுங்கள். டோக்கனை மட்டும் உண்மையாகவே அழிக்க வேண்டும், உங்கள் பக்கமும், பேமெண்ட் நிறுவனத்தின் பக்கமும்.