பிளேஆஃப் ஆட்டத்தில் மேனேஜரின் முடிவு சரியா தப்பா: புதிதாகப் பார்ப்பவர்கள் எடை போடுவது எப்படி?

அக்டோபர் வந்துவிட்டால் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடம் ஒரே பேச்சுதான். "அவரை ஏன் எடுத்தார்?", "இவரை ஏன் இறக்கவில்லை?" அணியை நடத்தும் மேனேஜர் திட்டு வாங்காத நாளே அந்த மாதத்தில் இருக்காது. புதிதாக ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஹோம் ரன் புரிந்துவிடும், ஸ்கோரும் புரிந்துவிடும். பிரமாதமாக வீசிக்கொண்டிருக்கும் பிட்ச்சரை மேனேஜர் நடந்துபோய் ஏன் வெளியே அழைத்து வருகிறார் என்பதுதான் புரியாது. அது புரிந்தால்தான், லீக் ஆட்டங்கள் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டத்தின் முழு ருசியும் தெரியும்.

ரசிகர்கள் இன்றும் விடாமல் வாதாடும் ஓர் ஆட்டத்தை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். 2020 வேர்ல்ட் சீரீஸின் (முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணி கோப்பை வாங்கும் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் டாம்பா பே ரேஸும் மோதினார்கள். கொரோனா காலம் என்பதால் தொடர் முழுவதும் டெக்சஸில் ஆர்லிங்டன் மைதானத்திலேயே நடந்தது. அங்கே அக்டோபர் 27 இரவு, இந்தியாவில் 28 காலை. டாட்ஜர்ஸ் 3-2 என்று தொடரில் முன்னிலை. ரேஸ் தோற்றால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

ஆரம்பிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒன்பது பேட்டர்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப ஆட வருவார்கள். அந்த வரிசைதான் லைன்அப். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஸ்டார்ட்டர். அவருக்குப் பிறகு வருகிறவர்கள் ரிலீவர்கள். அவர்கள் காத்திருந்து கை சூடேற்றும் இடம் புல்பென். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு ஐந்து ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. பிட்ச்சர் நின்று வீசும் மவுண்டுக்கு மேனேஜர் நடந்து போகும்போது ரசிகர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

படி 1: முடிவு எடுத்த நொடியில் காணொளியை நிறுத்துங்கள்

நிஜமாகவே நிறுத்துங்கள். அடுத்து நடந்தது தெரிந்துவிட்டால் கண் அதையேதான் பார்க்கும். ஒரு தாள் எடுத்து, அந்த நொடியில் மேனேஜருக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதுங்கள். நம் ஆட்டத்தில் அந்தத் தாள் இப்படி இருக்கும்:

ஆறாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். ரேஸ் 1-0 முன்னிலை. அந்த ஒரு ரன் முதல் இன்னிங்ஸில் ராண்டி அரோசரேனா அடித்த ஹோம் ரன். மவுண்டில் பிளேக் ஸ்னெல், இடது கை பிட்ச்சர், 2018-ல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கியவர். அதுவரை 73 பந்துகள் வீசி, 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்திருக்கிறார். யாருக்கும் வாக் (நான்கு பந்து தப்பாக வீசி முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது) கொடுக்கவில்லை. ஆஸ்டின் பார்ன்ஸ் சற்று முன் அடித்த சிங்கிளையும் (முதல் பேஸ் வரை போகும் அடி) சேர்த்து இரண்டே ஹிட். பார்ன்ஸ் முதல் பேஸில் நிற்கிறார். அடுத்து வருகிறவர்கள் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர்.

இந்த இடத்தில்தான் ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் டக்அவுட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் ஸ்னெல்லின் முகம் போன போக்கைக் கவனியுங்கள். நம்ப முடியாமல் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். பந்தை வாங்கிக்கொண்டு கேஷ் அவரை அனுப்பிவிட்டார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைகிறது.

படி 2: "எத்தனாவது சுற்று?" என்று கேளுங்கள்

பிட்ச்சர் எத்தனை பந்து வீசினார் என்பதைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். 73 என்பது குறைவு, கை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் மேனேஜர்கள் அதோடு இன்னொன்றையும் பார்ப்பார்கள்: லைன்அப் இந்தப் பிட்ச்சரை எத்தனாவது முறையாகச் சந்திக்கப்போகிறது?

முதல் முறை வரும் பேட்டருக்கு அன்றைக்கு இவர் பந்து எப்படி வளைகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று தெரியாது. இரண்டாம் முறை ஓரளவு பிடிபடும். மூன்றாம் முறை வரும்போது எல்லா வகைப் பந்தையும் பார்த்திருப்பார், பிட்ச்சரும் கொஞ்சம் களைத்திருப்பார். மூன்றாவது சுற்றில் பேட்டர்கள் பொதுவாகக் கூடுதலாக அடிக்கிறார்கள் என்பது பல ஆண்டுக் கணக்குகளில் தெளிவாகத் தெரிகிறது. பெட்ஸும் சீகரும் ஸ்னெல்லை மூன்றாம் முறை பார்க்க வேண்டாம் என்று நினைத்ததாகத்தான் கேஷும் ஆட்டம் முடிந்ததும் விளக்கினார். ஸ்னெல் அந்த 2020 சீசனில் பிளேஆஃபுக்கு முந்தைய லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஆறு இன்னிங்ஸ் முழுக்க வீசியதில்லை என்பதையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு முழுக்க அவரை அப்படித்தான் கேஷ் பயன்படுத்தினார், அப்படிப் பயன்படுத்தித்தான் ரேஸ் வேர்ல்ட் சீரீஸ் வரை வந்தது.

எதிர்த் தரப்பும் பலமானது. பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு முறை ஆடி, ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள். ஆறு முறை என்பது சின்னக் கணக்குதான், அதை வைத்து மட்டும் எதையும் நிறுவ முடியாது. ஆனால் எப்படி அவுட் ஆனார்கள் என்று பார்த்தால், பந்து அவர்களுக்குப் பிடிபட்ட மாதிரியே தெரியவில்லை. கணக்கையும் பார்க்க வேண்டும், கண்ணையும் நம்ப வேண்டும்.

படி 3: இடது கையா, வலது கையா?

சுருக்கமாகச் சொன்னால், வலது கை பிட்ச்சருக்கு வலது கை பேட்டர் எளிது, இடது கை பேட்டர் கடினம். இடது கை பிட்ச்சருக்கு இது அப்படியே திரும்பும். லைன்அப் எழுதும்போதும் மேனேஜர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அதன் உச்சத்தைப் பார்க்க 2018 வேர்ல்ட் சீரீஸுக்குப் போங்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் இடது கை ஸ்டார்ட்டர்களை இறக்கியது: கிறிஸ் சேல், டேவிட் பிரைஸ். டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் பதிலுக்கு லைன்அப் முழுக்க வலது கைக்காரர்களையே எழுதினார். அந்த ஆண்டு 35 ஹோம் ரன் அடித்த மேக்ஸ் முன்சி இடது கை என்பதால் வெளியே. கோடி பெல்லிஞ்சரும் வெளியே. டாட்ஜர்ஸ் 8-4, 4-2 என்று இரண்டிலும் தோற்றது. வலது கை ஸ்டார்ட்டர் வந்த மூன்றாவது ஆட்டத்தில் முன்சி உள்ளே வந்தார். அது 18 இன்னிங்ஸ் இழுத்தது, அதை முடித்துவைத்த ஹோம் ரன்னை அடித்தவரும் அவர்தான். இடது-வலது விதி நல்ல விதிதான். ஆனால் அதற்காக அணியின் சிறந்த பேட்டர்களை உட்கார வைப்பது எனக்கு உடன்பாடில்லை. விதி என்பது இரண்டு பேர் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுக்க உதவுவது.

இப்போது 2020-க்குத் திரும்புவோம். பெட்ஸ் வலது கை பேட்டர். ஆனால் அந்த ஆண்டு அவர் வழக்கத்துக்கு மாறாக, வலது கை பிட்ச்சர்களைத்தான் நன்றாக அடித்தார், இடது கைக்காரர்களிடம் திணறினார். இடது கை ஸ்னெல்லை எடுத்துவிட்டு வலது கை ரிலீவரை அவர் முன் நிறுத்துவது அவருக்குப் பரிசு கொடுத்த மாதிரி. அப்புறம், சீகர் இடது கை பேட்டர், ஸ்னெல்லும் இடது கை. அங்கேயும் ஸ்னெல்லுக்கே சாதகம். இதோடு, 2020-ல் புதிதாக வந்த விதிப்படி, உள்ளே வரும் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். பெட்ஸுக்கு மட்டும் ஒருவரை அழைத்துவிட்டு சீகருக்கு வேறொருவரை மாற்றலாம் என்ற வழியே கிடையாது.

படி 4: "அவருக்குப் பதிலாக யார்?"

ஐந்து படிகளில் எனக்கு மிக முக்கியமானது இது. "எடுத்திருக்கக் கூடாது" என்று கத்துகிறவர்களும் "எடுத்தது சரி" என்கிறவர்களும் போகிறவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். வருகிறவரைப் பார்க்க வேண்டும்.

வந்தவர் நிக் ஆண்டர்சன். லீக் ஆட்டங்களில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 0.55. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக அரை ரன் சொச்சம். அதை மட்டும் பார்த்தால் இவரைவிடச் சிறந்த ஆள் கிடையாது. ஆனால் பிளேஆஃபில் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் தொடர்ச்சியாக ரன் கொடுத்திருந்தார். காரணமும் ஊகிக்க முடியாததல்ல. அந்த ஆண்டு வேர்ல்ட் சீரீஸுக்கு முந்தைய பிளேஆஃப் தொடர்களில் இடையே ஓய்வு நாள் இல்லை, ஏழு ஆட்டம் என்றால் ஏழு நாளும் ஆட வேண்டும். இது ரேஸுக்கு அந்த பிளேஆஃபில் இருபதாவது ஆட்டம். சீசன் முழுக்கச் சுமந்த கை ஓய்ந்துபோயிருந்தது. செப்டம்பரில் பார்த்த ஆண்டர்சனும் அன்று மவுண்டுக்கு வந்த ஆண்டர்சனும் ஒரே ஆள் இல்லை.

ஆக, என் தீர்ப்பு இது: ஸ்னெல்லை எடுக்கலாமா என்பது இரண்டு பக்கமும் நியாயம் உள்ள கேள்வி. நான் மேனேஜராக இருந்தால் குறைந்தபட்சம் பெட்ஸ் வரை விட்டிருப்பேன். ஆனால் அந்த இடத்தில் ஆண்டர்சனை அழைத்தது தவறு. அதைச் சொல்ல அடுத்து நடந்தது தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை, தாளில் எழுதியதே போதும்.

படி 5: இப்போது காணொளியை ஓட விடுங்கள்

பெட்ஸ் இடப்பக்கக் கோட்டை ஒட்டி டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்தார். பார்ன்ஸ் மூன்றாவது பேஸுக்குப் போனார். ஆண்டர்சன் வீசிய ஒரு பந்து கேட்ச்சரைத் தாண்டி ஓட, பார்ன்ஸ் ஹோமைத் தொட்டு ரன் எடுத்தார், பெட்ஸ் மூன்றாவது பேஸுக்குப் போனார். 1-1. பிறகு சீகர் முதல் பேஸ் பக்கம் தரையோடு தட்டினார். அங்கிருந்து பந்து ஹோமுக்கு வந்து சேர்வதற்குள் பெட்ஸ் பாய்ந்து விழுந்து தொட்டுவிட்டார். 2-1. ஸ்னெல் போனதில் சந்தோஷப்பட்டதாக பெட்ஸும் ராபர்ட்ஸும் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்கள்.

விளைவைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் நேர்மையாக இருங்கள். எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் ஹோம் ரன் அடித்தது பீட் ஃபேர்பேங்க்ஸின் பந்தில். ஆண்டர்சனுக்குப் பதிலாக முதலிலேயே ஃபேர்பேங்க்ஸை இறக்கியிருக்கலாம் என்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று, முதல் இன்னிங்ஸுக்குப் பிறகு ரேஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. கடைசியில் வந்த ஹூலியோ உரியாஸ் சந்தித்த ஏழு பேரையும் வரிசையாக அவுட் செய்தார். 3-1 என்று ஜெயித்து, 1988-க்குப் பிறகு டாட்ஜர்ஸ் முதன்முறையாகக் கோப்பை வாங்கியது. ஒரே ரன்னை வைத்துக்கொண்டு பிட்ச்சர்களை மட்டும் நம்பும் நிலைக்கு அணியைக் கொண்டுவந்தது கேஷின் ஒரு முடிவு மட்டுமல்ல, பேட்டர்களுக்கும் பங்கு உண்டு.

எதிர்ப்பக்கத் தவறையும் ஒருமுறை பாருங்கள்

கேஷைத் திட்டிப் பழகிவிட்டால், பிட்ச்சரை விட்டுவைப்பதே எப்போதும் சரி என்று தோன்றிவிடும். அதற்கு மருந்து 2003 அக்டோபர் 16, யாங்கி ஸ்டேடியம். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் 5-2 முன்னிலை. மவுண்டில் பெட்ரோ மார்ட்டினெஸ். அவர் அந்தக் காலத்தின் மகத்தான பிட்ச்சர், ஆனால் 100 பந்து தாண்டினால் தளர்வார் என்பது அந்த அணிக்குத் தெரியும். டெரெக் ஜீட்டர் டபுள், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்கு வந்தார். முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. லிட்டில் திரும்பிப் போய்விட்டார்.

அந்த நொடியில் நிறுத்தி அதே தாளை எழுதிப் பாருங்கள். அடுத்து வருகிறவர் இடது கை பேட்டர் ஹிடெகி மட்சுயி. புல்பென்னில் இடது கை ஆலன் எம்ப்ரீயும் வலது கை மைக் டிம்லினும் இருந்தார்கள், இருவரும் அந்த அக்டோபரில் நன்றாக வீசிக்கொண்டிருந்தார்கள். மட்சுயி டபுள். ஹோர்ஹே பொசாடா டபுள். 5-5. பெட்ரோ 123 பந்து வீசிய பிறகுதான் வெளியே வந்தார். 11-ஆவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டம் முடிந்தது, லிட்டிலுக்கு ரெட் சாக்ஸ் மறுபடி ஒப்பந்தம் கொடுக்கவில்லை. முடியுமா என்று கேட்டால் எந்தப் பெரிய பிட்ச்சரும் முடியும் என்றுதான் சொல்வார். அதனால் அந்தப் பதிலைத் தாளில் எழுதாதீர்கள்.

இனி நீங்களே செய்து பாருங்கள்

2023 அக்டோபர் 4, மினியாபொலிஸ். டொரொண்டோ புளூ ஜேஸும் மினசோட்டா ட்வின்ஸும் ஆடிய, பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டு தொடரின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோற்ற டொரொண்டோவுக்கு இதில் தோற்றால் வீடுதான். வலது கை ஸ்டார்ட்டர் ஹோசே பெரியோஸ் மூன்று இன்னிங்ஸில் ரன்னே கொடுக்காமல் 5 ஸ்ட்ரைக் அவுட் எடுத்திருந்தார். நான்காவது இன்னிங்ஸின் முதல் பேட்டருக்கு வாக் கொடுத்ததும், 47 பந்துகளிலேயே மேனேஜர் ஜான் ஷ்னைடர் அவரை எடுத்துவிட்டார். பதிலாக வந்தவர் இடது கை யூசே கிக்குச்சி, சீசன் முழுக்க ஸ்டார்ட்டராக ஆடியவர். ட்வின்ஸ் லைன்அப்பில் இடது கை பேட்டர்கள் பலர் இருந்தார்கள். ஆட்டம் 2-0 என்று ட்வின்ஸுக்குப் போனது, டொரொண்டோ ஒரு ரன்னும் எடுக்கவில்லை.

எத்தனாவது சுற்று, எந்தக் கை, வருகிறவர் யார், அவர் கை எப்படி இருக்கிறது: நான்கையும் எழுதிவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். தாளை ஆரம்பிக்க, அந்த வாக்கை வாங்கிய ராய்ஸ் லூயிஸ் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடக்கும் இடத்தில் காணொளியை நிறுத்துங்கள்.