மான் படம்: கையால் செதுக்கியதா, போட்டோ வழி வந்ததா?

பழைய ஆங்கிலேய வேட்டைப் படம் ஒன்று கையில் கிடைத்தால், அது எப்படிக் காகிதத்துக்கு வந்தது என்று முதலில் பாருங்கள். வருஷம், விலை எல்லாம் அப்புறம். ஓவியர் எட்வின் லேண்ட்சியர் 1851இல் காட்சிக்கு வைத்த 'மோனார்க் ஆஃப் த க்ளென்' ஓவியத்தின் கலைமானை அவருடைய அண்ணன் தாமஸ் தகட்டில் செதுக்கினார். பின்னாளில் போட்டோ வழியாகவும் பிரதிகள் வந்தன. சுவரில் மாட்டிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

தேவை: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு டார்ச்.

1. சட்டத்தைக் கழற்றுங்கள். கண்ணாடிமேல் லூப் வைத்துப் பயனில்லை. படம் அட்டையோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம்.

2. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். படத்தைச் சுற்றிச் செவ்வகமாகப் பள்ளத் தடம் தெரிந்தால், உலோகத் தகட்டை அழுத்தி அச்சிட்டது. தெரியாவிட்டால் உடனே முடிவுகட்டாதீர்கள். ஓரத்தை யாராவது வெட்டியிருக்கலாம்.

3. மானின் கழுத்து மயிரில் லூப்பை வையுங்கள். தடித்து மெலியும் மைக்கோடுகள் என்றால் கைச்செதுக்கல். பொடிமணல் தூவினாற்போல ஒழுங்கில்லாத மணிகள் என்றால் போட்டோகிராவ்யூர், அதாவது போட்டோவை உலோகத் தகட்டில் அரித்துப் பதித்து அச்சிட்டது. தகட்டில் தூவிய பிசின் தூள் விட்ட தடம் அது. கட்டம் போட்டாற்போல வரிசையான புள்ளிகள் என்றால் ஹாஃப்டோன் (போட்டோவைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை), 1880களிலோ அதற்குப் பிறகோ வந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய முதல் 'கிராவ்யூர்' இந்த ரகம்தான்! புள்ளியோ மணியோ இல்லாமல் நிழல் வழுக்கிக்கொண்டு போனால் அநேகமாக நிஜப் போட்டோ.

4. இங்கேதான் ஏமாறுவோம். சில நிஜப் போட்டோக்களுக்குள்ளேயே செதுக்குக் கோடுகள் தெரியும். மூல ஓவியத்தை விட்டுவிட்டு, அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படத்தைப் படமெடுத்திருப்பார்கள். காரணம் இருக்கிறது. 1850, 60களின் கொலோடியன் தகடு, அதாவது அன்றைய கேமராவில் படம் பிடித்த கண்ணாடித் தகடு, நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். நரிவேட்டைக்காரரின் சிவப்புக் கோட்டு கறுத்துவிடும், மானின் செம்பழுப்பு மேனி இருட்டாகும், நீல வானம் வெறும் தாளாக வெளுத்துவிடும். கறுப்பு வெள்ளை அச்சுப்படத்தில் அந்தத் தொல்லை கிடையாது. சாயம் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று 1873இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் கண்டறிந்த பிறகே நிலைமை மெல்ல மாறியது.

நீங்களே செய்து பார்க்கலாம். சிவப்புக் கோட்டும் செம்பழுப்புக் குதிரையும் உள்ள வேட்டை ஓவியம் ஒன்றைப் போனில் திறந்து, எடிட்டிங் ஆப்பில் நீலச் சேனலை (படத்தின் நீல ஒளிப் பங்கை) மட்டும் கறுப்பு வெள்ளையாக வையுங்கள். குதிரை எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்று தேடிப் பாருங்கள்.