லிமிட் போட்டும் யூடியூப் நிற்கவில்லையா?

ஐபேடில் ஒரு மணித்தியாலம் என்று லிமிட் போட்டிருப்பீர்கள், பிள்ளையோ ‘இக்னோர் லிமிட்’டைத் தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். முதலில் செட்டிங்ஸில் லிமிட் போடும் இடமான ஸ்க்ரீன் டைமுக்குத் தனியாக ஒரு பாஸ்கோட் போடுங்கள் (போனைத் திறக்கும் அதே நம்பர் வேண்டாம், அது பிள்ளைக்கு எப்போதோ பாடம்), அப்புறம் அந்த லிமிட்டுக்குள் போய் ‘பிளாக் அட் எண்ட் ஒஃப் லிமிட்’டை ஒன் செய்யுங்கள். இது ஓஃபில் கிடந்தால் லிமிட் என்பது வெறும் அறிவிப்புத்தான்.

கடிகாரத்தையும் பாருங்கள், பிள்ளை நேரத்தை மாற்றி லிமிட்டை ஏமாற்றலாம். கொழும்பு நேரம் தானாகவே அமையும்படி இருக்கட்டும்.

ஆண்ட்ரொய்டில் ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் ஆப்) என்றால், யூடியூப் ஆப்புக்குப் போட்ட லிமிட் குரோமில் அதே தளத்தைத் திறப்பதை மறிக்காது, தளத்தையும் தனியாக பிளாக் பண்ண வேண்டும்.

அம்மம்மாவின் போனுக்கும் லொக் போடுங்கள், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் கார்ட்டூன் ஓடுவது அதில்தான்.