போன்ல மெயில் லேட்டா வருதா? எங்க மாட்டிக்குதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க

காலைல 9 மணிக்கு அனுப்புன இன்டர்வியூ மெயில் மதியம்தான் போன்ல காட்டுதுன்னா அது சின்ன விஷயம் இல்ல, வேலை தேடிட்டு இருக்கறவங்களுக்கு அந்த நாளே போயிடும். நெறைய பேர் உடனே ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போடுறாங்க, ரெண்டு நாள் நல்லா இருக்கும், அப்புறம் பழைய கதைதான். ஏன்னா கோளாறு முக்கால்வாசி ஆப்ல இல்ல.

லேட்டா வந்த ஒரு மெயிலை எடுத்துக்கங்க. கம்ப்யூட்டர்ல ஜிமெயில் தெறந்து அந்த மெயிலுக்கு வலது பக்கம் இருக்க மூணு புள்ளிய அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' குடுங்க. மேல 'கிரியேட்டட் அட்'னு ஒரு வரி இருக்கும், அதுலயே பிராக்கெட்டுக்குள்ள 'டெலிவர்ட் ஆஃப்டர் 2 செகண்ட்ஸ்' மாதிரி போட்டிருக்கும். 2, 5ன்னு இருந்தா மெயில் கூகுள் சர்வருக்கு டைமுக்கு வந்துருச்சு, உங்க போன்தான் தூங்கிருக்கு. 3000, 4000ன்னு இருந்தா லேட்டு வழியிலயே ஆயிருக்கு, நீங்க போன்ல எதை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல, அனுப்புனவங்க ஐடி ஆளுங்கதான் பாக்கணும்.

போன்தான் காரணம்னா இன்னொண்ணு கவனிங்க. ஆப்பை தெறந்ததும் மெயில் ஏற்கனவே உள்ள இருக்கா, இல்ல விரலால கீழ இழுத்து ரிஃப்ரெஷ் பண்ணாத்தான் வருதா? ஏற்கனவே இருந்தா நோட்டிஃபிகேஷன் பிரச்சனை, ஆப் செட்டிங்ஸ்ல உங்க அக்கவுண்டுக்குள்ள போயி நோட்டிஃபிகேஷன் 'ஆல்'ல இருக்கான்னு பாருங்க, 'ஹை பிரியாரிட்டி'ல இருந்தா பாதி மெயிலுக்கு சத்தமே வராது. ப்ரொமோஷன்ஸ் டேபுக்குள்ள விழுந்த மெயிலும் சத்தமில்லாம கெடக்கும்.

இழுத்தாதான் வருதுன்னா பேட்டரி சேமிக்கிற வேலைதான். 2015ல ஆண்ட்ராய்டு 6ல டோஸ்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, ஸ்க்ரீன் அணைச்சு சார்ஜ் போடாம போனை அசையாம வெச்சிருந்தா ஆப்புக்கு நெட்டை நிறுத்திட்டு அப்பப்போ கொஞ்ச நேரம் மட்டும் விடும். அதுக்கு மேல போன் கம்பெனிங்க தனித்தனியா ஒரு பூட்டு போடுறாங்க. ரெட்மி, போக்கோன்னா ஆப் இன்ஃபோல 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் பண்ணிட்டு பேட்டரி சேவர்ல 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' வைங்க. சாம்சங்ல பேட்டரிக்குள்ள 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' போயி 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்'ல உங்க மெயில் ஆப் இருந்தா வெளிய எடுங்க, அந்த லிஸ்ட்ல இருக்க ஆப் நீங்க தெறந்தா மட்டும்தான் வேலை செய்யும். மத்த போன்லயும் இதே விஷயம் வேற பேர்ல பேட்டரி பக்கத்துலயே இருக்கும். டேட்டா சேவர் போட்டிருந்தா மெயில் ஆப்புக்கு 'அன்ரெஸ்ட்ரிக்டட் டேட்டா' குடுங்க, அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல 'சிங்க் ஜிமெயில்' டிக் இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துருங்க.

ஐபோன்ல கதை வேற. ஆப்பிளோட மெயில் ஆப்ல ஜிமெயில் போட்டிருந்தீங்கன்னா சாதாரண அக்கவுண்டுக்கு புஷ் கிடையாது, அதாவது மெயில் வந்ததும் சர்வரே போனுக்கு தள்ளிவிடாது; 'ஃபெட்ச்'தான், போன் குறிப்பிட்ட இடைவெளில தானா போயி மெயில் இருக்கான்னு பாத்து எடுக்கும், அந்த இடைவெளிய 15 நிமிஷத்துக்கு கீழ வைக்க முடியாது. 'ஆட்டோமேட்டிக்கலி'ன்னு வெச்சா சார்ஜும் வைஃபையும் இருக்கும்போதுதான் பின்னாடி எடுக்கும். அவசர மெயில் எதிர்பாக்கறவங்க பேசாம ஜிமெயில் ஆப்பையே போட்டுக்கங்க, அதுதான் சரியான வழி. லோ பவர் மோடையும் அணைச்சு வைங்க.

லேட் இல்ல, மெயில் வரவே இல்லன்னா ஸ்டோரேஜ் பாருங்க. கூகுள் ஃப்ரீயா தர்ற 15 ஜிபிய போட்டோஸும் டிரைவும் சேந்துதான் சாப்பிடுது, அது நெறஞ்சா புது மெயில் அனுப்புனவருக்கே திரும்பிப் போயிடும். பெரிய வீடியோ நாலஞ்சு அழிச்சு, ட்ராஷையும் காலி பண்ணிட்டு, அவங்கள திரும்ப அனுப்பச் சொல்லுங்க.