நிஷி-கசாயில் அண்ணன் விட்டுப்போன சைக்கிள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர் முதலில் வீடு தேடுவது எடோகாவா வட்டாரத்தின் நிஷி-கசாயில்தான். 2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்ய வந்த பொறியாளர்கள் காலத்திலிருந்தே இது இந்தியர் பேட்டை. தோசாய் மெட்ரோ ரயில் பாதையில் ஏறினால் அலுவலகங்கள் குவிந்த ஓத்தேமாச்சிக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் கிடைக்கும்.

வந்தவுடன் செய்யவேண்டியவை உங்களுக்கே தெரிந்திருக்கும். குடிபுகுந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். ரயில், பஸ் கட்டணத்துக்குப் பாஸ்மோ அல்லது சுய்கா அட்டை வாங்குங்கள். 'தேய்கி' எனப்படும் சீசன் டிக்கெட்டுக்கு அலுவலகம் பணம் தருமா என்று கேளுங்கள். குடியிருப்பு அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். இல்லாமல் பிடிபட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு.

ரயிலில் ஒன்றே ஒன்று. மாலையில் வீடு திரும்பும்போது பலகையில் 'காய்சொகு' என்று இருந்தால் ஏறாதீர்கள். அது விரைவு வண்டி. தோயோச்சோவை விட்டால் உராயாசுவில்தான் நிற்கும். அராகாவா ஆற்றுப் பாலம் தாண்டியதும் உங்கள் ஸ்டேஷன் ஜன்னலில் வந்து, அப்படியே பின்னால் போய்விடும். நீங்கள் சிபா மாகாணத்தில் இறங்கி எதிர்வண்டி பிடிக்கவேண்டும். எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். அதனால் காசு ஒன்றும் போகாது, மானம் மட்டும் கொஞ்சம்.

எனக்குக் காசு போனது சைக்கிளில்.

நான் வந்த மூன்றாம் மாதம், பக்கத்துக் கட்டடத்தில் இருந்த அண்ணன் ஒருவர் குடும்பத்தோடு கோயம்புத்தூர் திரும்பினார். அரிசிக் குக்கர், இரண்டு மெத்தை, முன்னால் கூடை வைத்த சைக்கிள் எல்லாம் எனக்கு. "வைத்துக்கொள் தம்பி, போகும்போது அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போ" என்று சாவியைக் கையில் வைத்தார். நம் ஊரில் இதற்கு மேல் என்ன வேண்டும்? மகன் கல்லூரி போனால் அப்பாவின் சைக்கிள் அவனுக்கு; யாராவது பத்திரமா எழுதுகிறார்கள்?

இங்கே எழுதவேண்டும். இருக்கைக்குக் கீழே கம்பியில் ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு இருக்கும், அதில் ஓர் எண். 'போஹான் தோரோகு', அதாவது திருட்டுத் தடுப்புப் பதிவு. சட்டப்படி கட்டாயம். அந்த எண்ணைப் பார்த்தால் சைக்கிள் யாருடையது என்று போலீஸுக்கு இரண்டு நிமிடத்தில் தெரியும்.

எனக்கு அது தெரிந்தது ஓர் இரவு பத்தரை மணிக்கு. விளக்கு எரியாமல் வந்ததால் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் டார்ச் அடித்து எண்ணைக் கம்பியில்லாக் கருவியில் வாசித்தார். திரும்பி வந்த பெயர் அண்ணனுடையது. "தோமோதாச்சி, தோமோதாச்சி" (நண்பர், நண்பர்) என்று எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கோவைக்குப் போன் போட்டேன். அங்கே மணி ஏழு. பிறகுதான் தெரிந்தது, மனிதர் ஒரு கல்யாண வரவேற்பில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம். கூடையிலிருந்த உறைந்த தேங்காய்த் துருவல் உருகி, முன்சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே திரும்ப அழைத்தார், ஜப்பானியில் பேசினார், விட்டார்கள். போகும்போது இரண்டு பேரும் குனிந்து வணக்கம் வேறு. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அன்றே பெயரை மாற்றியிருக்கவேண்டும். "அடுத்த சனிக்கிழமை" என்று தள்ளிப்போட்டேன்.

நம் ஊர் ஸ்டேஷனில் ஸ்டாண்டுக்காரர் சீட்டைக் கிழித்துப் பாதியைக் கைப்பிடியில் செருகி மீதியை நம்மிடம் தருவார். இடம் இல்லையென்றால் சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடுவோம். அதே பழக்கத்தில் ஒரு காலை ஸ்டேஷன் அருகே நடைபாதையில் சாய்த்துவிட்டு ஓடினேன். மாலை வந்தால் சைக்கிள் இல்லை. ஜப்பானிலும் திருடன் இருக்கிறான் என்று அம்மாவிடம் ஏதோ வெற்றிச் செய்திபோலச் சொன்னேன்.

திருடன் இல்லை. அது சைக்கிள் நிறுத்தக்கூடாத பகுதி. வண்டியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பலகையில் படமே போட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. கிடங்கிலிருந்து சொந்தக்காரருக்கு ஓர் அஞ்சலட்டை போகும். போனது, அண்ணன் காலிசெய்துவிட்ட வீட்டுக்கு. அங்கே புதிதாக வந்தவர் அதை என்ன செய்தாரோ. எனக்கு விஷயம் எட்டியபோது கெடு முடிந்து, சைக்கிளை அப்புறப்படுத்தியாகிவிட்டது. வேறு சைக்கிளுக்குக் கொடுத்த பணத்தில் ஊரில் அந்தக் காலத்தில் நான்கு வாங்கியிருக்கலாம்.

ஆகவே, யாராவது சைக்கிள் கொடுத்தால் அவர் விமானம் ஏறுமுன் பிடியுங்கள். அவர் போலீஸ் நிலையத்தில் தம் பதிவை நீக்கி, 'ஜோதோ ஷோமெய்ஷோ' என்னும் கைமாற்றுச் சான்றில் கையெழுத்திட்டுத் தரவேண்டும். அந்தத் தாளோடும் குடியிருப்பு அட்டையோடும் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டுபோனால் சில நூறு யென்னில் உங்கள் பெயரில் பதிந்துவிடுவார்கள். கொடுப்பவர் "அதெல்லாம் தேவையில்லை தம்பி" என்பார். விடாதீர்கள். ஸ்டேஷனுக்குப் போனால் கட்டணம் கட்டும் நிறுத்துமிடத்தில் விடுங்கள். ஒரு நாள் கட்டணம் ஒரு காபி விலைகூட இல்லை.

அண்ணன் இன்னமும் பொங்கலுக்குப் போன் செய்வார். போன முறையும் கேட்டார், "சைக்கிள் எப்படி இருக்கிறது தம்பி?"

"நன்றாக ஓடுகிறது அண்ணா" என்றேன்.